நான் கெடுத்த பித்தளைத் தகடும் ரெட்டியார்சத்திரம் பயணமும்

திண்டுக்கல்லுக்கு நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். இரண்டும் அறுபதுகளின் தொடக்கத்தில், மூன்று வார இடைவெளியில். முதல் முறை போய்ச் சொன்ன பொய்யைத் திருத்தத்தான் இரண்டாம் முறை போனேன். தகட்டு வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மதுரையில் பித்தளைத் தகடு உருட்டும் ஓர் ஆலையில் உலைப் பிரிவு என் பொறுப்பு. தகட்டை உருளைகளுக்கு இடையே விட்டு மெலிதாக்கும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய உலோக மணிகள் நசுங்கி நீளும், தகடு விறைத்துப்போகும். பிறகு உலையில் சூடாக்கினால் நசுங்கியவை போய்ப் புதிதாகச் சின்னச் சின்ன மணிகள் உண்டாகும், தகடு இளகும். உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் அந்த மணிகள் பக்கத்து மணிகளையும் சேர்த்துக்கொண்டு பெருத்துவிடும். அப்படிப்பட்ட தகட்டை அச்சில் அழுத்தினால் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்துவிடும். ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டியதை நான் மூன்றரை மணி நேரம் விட்டுவிட்டேன். மதியக் காட்சி சினிமாவுக்குப் போயிருந்தேன்.

அந்தத் தகடு திண்டுக்கல் பேகம்பூரில் கனி ராவுத்தர் பட்டறைக்குப் போனது. தூக்குச்சட்டி மூடி அழுத்துகிற பட்டறை. மூடியெல்லாம் சொரசொரப்பு என்று புகார் வர, ஆலை என்னையே அனுப்பியது. கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, தகட்டில் குறையில்லை, அழுத்துகிறவர் கைதான் சரியில்லை என்றேன். அழுத்துகிறவர் சூசை. நாற்பது வயதிருக்கும். கையிலிருந்த மூடியைக் கீழே வைத்துவிட்டு அச்சுப் பக்கம் போய்விட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக ராவுத்தரின் அடுத்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். ஏறக்குறைய நாற்பது மைல், ஒன்றேகால் ரூபாய். எட்டு மணிக்குத் திண்டுக்கல். பட்டறைக்குள் நுழையத் தைரியம் வரவில்லை. தெருமுனை டீக்கடையில் விசாரித்ததில் சூசைக்கு ஊர் ரெட்டியார்சத்திரம் என்றார்கள். அங்கிருந்து இன்னும் ஏழு மைல், பஸ்ஸுக்கு இருபத்தைந்து நயா பைசா.

ஊருக்கு வெளியே ஒரு மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். சினிமா உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்காலில் கை கழுவியபடியே கேட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். படிச்சவுக நீங்க சொன்னப்புறம் என் பேச்சு எடுபடுமா?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கிட்டத் தனியாச் சொன்னாப் பத்தாது. அம்புட்டுப் பேரு முன்னால சொன்னீகள்ல, அங்கன வந்து சொல்லுங்க. நானும் வாரேன்."

திரும்பும் பஸ்ஸில் தனக்கு டிக்கெட் எடுக்க அவர் என்னை விடவில்லை. பதினோரு மணிக்கு அதே ஆட்கள் முன்னால் நின்று சொன்னேன். ராவுத்தர் ஒரு மூடியை எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்க வாக்க நம்பி என் ஆள வெளிய அனுப்பிட்டேனே தம்பி" என்றார். பிறகு சூசையிடம் திங்கட்கிழமை வரச் சொன்னார். இனி எந்தக் கட்டுத் தகடு வந்தாலும் முதலில் ஒரு துண்டை நானே அழுத்திப் பார்ப்பேன், நான் வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டும், சம்மதமானால் வருகிறேன் என்றார் சூசை. ராவுத்தர் ஒத்துக்கொண்டார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஆலையிலும் உண்மையைச் சொன்னேன், என்னை உலையிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள்.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் போனால் மதியத்துக்குள் வேலை முடியும். வெள்ளிக்கிழமை வேண்டாம், பேகம்பூரில் தொழுகை நேரத்தில் காத்திருக்க நேரும். தகடு வாங்கினால் ஒரு துண்டு வெட்டிக் குழிவாக அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சொரசொரத்தால், உலையில் எத்தனை நேரம் கிடந்தது என்று ஆலையைக் கேளுங்கள். அச்சில் நிற்கிற ஆளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று நான் கேட்டிருந்தால் சூசை சொல்லியிருப்பார். சொல்லிவிடுவாரோ என்றுதான் நான் கேட்கவில்லை.