உள்ளே போகாத அறை

எங்கள் மாமாவுக்கு வாகனங்கள் என்றால் உயிர். வாகனங்களுக்கு மாமாவில் அப்படியொரு பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வாங்கிய எதுவும் அவர் சொன்னபடி ஓடியதில்லை. அந்த மாமா, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பிரெஞ்சு பேசும் லவால் என்ற புறநகரில் தன் வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டர் ஹோமைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பஸ் அளவு இருந்தது. உள்ளே அடுப்பு, கட்டில், கழுவுதொட்டி எல்லாம் இருந்தன. ஆனால் பெரிய அதிசயம் அதன் பக்கச் சுவர்தான். ஒரு சுவிட்சை அமத்தினால் மேசையும் இருக்கைகளுமாக அந்தச் சுவர் அப்படியே வெளியே நகர்ந்துபோய், உள்ளே ஒரு அறை விரியும். மறுபடி அமத்தினால் உள்ளே வந்துவிடும். மாமா அதை ஸ்லைட் என்றார். பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் சலிக்காமல் இயக்கிக் காட்டினார். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, போகும்போது இன்னொருதரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்பா மட்டும் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு நேரம் இல்லை. பகலில் பொதி கட்டும் தொழிற்சாலை, பின்னேரத்தில் இருந்து நகரத்துக்குள் ஓர் உணவகத்தின் குசினி, சனி ஞாயிறும் அதே குசினி. அஹுன்ட்சிக்கில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் நான் கண்ட அப்பா ஒன்றில் நித்திரையாக இருப்பார், அல்லது சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய முகத்தைவிட எனக்கு அவருடைய சப்பாத்துகளை நன்றாகத் தெரியும். காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். “லீவு எடுக்காத மனுசன்” என்று அம்மா ஆட்களிடம் சொல்லுவா. நான் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

யூலைக் கடைசியில் கட்டட வேலைக்காரருக்கெல்லாம் இரண்டு கிழமை விடுமுறை வரும். கட்டட வேலை செய்த மாமாவுக்கும் அது வந்தது. அதே நாட்களில் அப்பாவின் உணவகத்தையும் திருத்த வேலைக்காகப் பூட்டிவிட்டார்கள். அப்படித்தான் எங்களுக்கு ஒரு சனியும் ஞாயிறும் கிடைத்தன. மாமா, மாமி, அப்பா, அம்மா, நான் என்று ஐந்து பேரும் வடக்கே ஓர் ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். ஞாயிறு பின்னேரம் திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு, ஏனென்றால் திங்கள் விடிய அப்பா தொழிற்சாலையில் நிற்க வேண்டும். அம்மா இடியப்ப உரலும் மிக்ஸியும் ஏற்றினா. ரெண்டு நாளைக்கு எதற்கு இவ்வளவு என்று மாமி கேட்டதற்கு, கிடக்கட்டும் என்று மட்டும் சொன்னா.

ஏரிக்கரையில் மாமா கைப்பிரேக்கை இழுத்துப் போட்டு, பெருமையோடு சுவரை வெளியே தள்ளினார். விரிந்த அறையின் நீள இருக்கையில் அப்பா சும்மா ஒருக்காச் சாய்ந்தார். சாய்ந்தவர் சனிக்கிழமை முழுக்க நித்திரை. நான் நீச்சல் வளையத்தோடு நாலைந்து தரம் வந்து எட்டிப் பார்த்தேன். ஒவ்வொருதரமும் அம்மா வாயில் விரல் வைத்து என்னைத் திருப்பி அனுப்பினா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு காலை எழும்பி வந்த அப்பா, இரவோடிரவாக யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஒன்றைப் பார்ப்பதுபோல அந்த ஏரியைப் பார்த்தார். இன்னும் ஒருநாள் நிற்போமா என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவினார்.

“நாளைக்கு வேலையெல்லே, பிள்ளை.”

பிறகு அவரும் அம்மாவும் தண்ணீர்க் குழாயடியில் நின்று மெதுவாக எதையோ கதைத்தார்கள். அப்பா வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டுவதும், பிறகு சிரிப்பதும் தெரிந்தது. திரும்பி வந்தவர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் இருந்த மரக்கட்டைகளைக் காலால் தட்டி நன்றாக இறுக்கினார். வண்டி பூமியில் முளைத்ததுபோல நின்றது. அதற்குப் பிறகு என்னைத் தூக்கிச் சாரதி இருக்கையில் தன் மடியில் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னார். நான் வாயால் இரைந்துகொண்டு ஒருதரம் வீட்டுக்கும் ஒருதரம் புரோசார்டில் இருந்த சித்தி வீட்டுக்கும் ஓட்டினேன். அவரும் விளையாட்டுக்கு எதையெதையோ இழுத்தார், தள்ளினார். அப்பா என்னோடு விளையாடியதாக எனக்கு நினைவிருக்கும் முதல் விளையாட்டு அதுதான்.

மத்தியானம் சாப்பிட்டுச் சாமான்களை அடுக்கியதும், மாமா சுவிட்சை அமத்தினார். சுவர் அசையவில்லை. திரும்ப அமத்தினார். மூச்சும் இல்லை. சுவரை வெளியே நீட்டிக்கொண்டு தெருவில் ஓட முடியாது. மாமா சேர்ட்டைக் கழற்றிவிட்டு வண்டிக்குக் கீழே நுழைந்தார். பியூஸ்களைக் கழற்றிப் பூட்டினார், பற்றரியைச் சோதித்தார், சுவர் நகரும் தண்டவாளத்தில் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார், கையில் கிடைத்த எண்ணெயையெல்லாம் ஊற்றினார். கையால் சுற்றி உள்ளே இழுக்க ஒரு கம்பி இருக்குமாம். வண்டியை விற்றவன் அதைக் கொடுக்கவில்லை. மெக்கானிக்குகளும் விடுமுறையில் நின்றார்கள். ஒருவர் மட்டும் செவ்வாய் மத்தியானம் வருவதாகச் சொன்னார்.

நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய்ப் பிள்ளையாரிடம் கேட்டேன். இந்தச் சுவர் உள்ளே போகக்கூடாது, போகாவிட்டால் இந்த ஏரிக்கரையிலேயே தோப்புக்கரணம் போடுகிறேன் என்று.

அடுத்த வண்டியில் இருந்த பிரெஞ்சுக்காரக் கிழவர் நாயையும் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கூட்டத்தில் பிரெஞ்சு ஒழுங்காகப் பேசக்கூடிய ஆள் நான்தான். கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். அது இல்லாவிட்டால் சில வண்டிகளில் சுவர் அசையாதாம். மாமா அடியில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்ததில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மாமா போட்டவர் எண்டு சொல்லு, பிள்ளை.”

நான் அப்படியே சொன்னேன். கிழவர், அப்படியென்றால் தனக்கும் தெரியவில்லை என்று போய்விட்டார்.

மாமாவின் தொலைபேசியில் அப்பா தன் மேலாளரை அழைத்தார். நான் கதைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், வீடு மூடுபடாது, வீடு மூடுபடாது என்று இரண்டுதரம் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, முதன்முதலாக லீவு எடுத்த மனிதராக என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா உழுந்து அரைக்கத் தொடங்கிவிட்டா.

அந்தத் திங்கட்கிழமையைப்போல ஒரு நாள் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. காலையில் வண்டிக்குள் தோசை மணத்தது. அப்பாவுக்கு நீந்தத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மல்லாந்து மிதக்கப் பழக்கினார். முதுகின் கீழே ஒரு கை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே மிதந்தேன்; பார்த்தால் அவர் தூரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் அந்த உள்ளே போகாத அறையில் எல்லோரும் நெருக்கியடித்து இருந்து, சீட்டுக்கட்டை எடுத்து முன்னூற்றி நாலு விளையாடினோம். மாமா மட்டும் இடையிடையே எழும்பிப்போய் சுவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் அப்பாதான். மாமாவில் அப்பாவுக்கு இவ்வளவு அன்பு இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

செவ்வாய் காலை, மெக்கானிக் வர முன்னர், அப்பா எழும்பிச் சாரதி இருக்கையில் போய் இருந்துகொண்டு மாமாவைக் கூப்பிட்டார்.

“தம்பி, இப்ப ஒருக்கா அமத்திப் பார்.”

சுவர் பூனைக்குட்டிபோல உள்ளே வந்தது. தான் ஊற்றிய எண்ணெய் இப்போதுதான் இறங்கியிருக்கிறது என்றார் மாமா. “ஓம், எண்ணெய்தான்” என்றார் அப்பா. எனக்கு உண்மை தெரியும். நான் ஓடிப்போய் ஏரியைப் பார்த்தபடி மூச்சு வாங்க வாங்கத் தோப்புக்கரணம் போட்டேன்.

போன கோடையில் நானும் கணவரும் பிள்ளைகளோடு ஒரு மோட்டர் ஹோம் வாடகைக்கு எடுத்தோம். வண்டித் திறப்பைத் தந்த பெண், ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டு வந்தவள், கைப்பிரேக்கை எடுத்துவிட்டு சுவிட்சை அமத்திக் காட்டினாள். சுவர் அசையவில்லை. போட்டுவிட்டு அமத்தினாள். அசைந்தது. பாதுகாப்புக்காம். நான் அந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டேன். அப்பாவின் மடி, அவர் விளையாட்டுக்கு இழுத்தவை, இறுக்கிய மரக்கட்டைகள், கிழவருக்கு என்னைக்கொண்டு சொல்லவைத்த பதில் எல்லாம் வரிசையாக வந்தன. மாமா போட்டவர்தான். அதில் பொய் இல்லை.

ஆனால் வீதிக்கு ஏறிக் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் அந்த உழுந்து ஞாபகம் வந்தது. உழுந்து ஊற நாலைந்து மணித்தியாலம் வேண்டும். சுவர் நின்றது ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு; அது நின்று ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அம்மா அரைக்கத் தொடங்கிவிட்டா. அன்று பின்னேரமே வீட்டுக்குப் போகிற அம்மா, காலையில் எதற்கு உழுந்து ஊறப்போட்டா?

அம்மாவைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். பின்னால் தொலைக்காட்சிச் சத்தத்தில் அப்பா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தணித்துச் சொன்னா:

“கொப்பர் லீவு எடுக்க ஏலாது எண்டுதான் நிண்டவர். நான் உழுந்து போட்டிட்டன், இனி நாளைக்குத்தான் போகலாம் எண்டு சொன்னனான். மிச்சத்தை அவர் பாத்தவர்.”

அன்று ஏரிக்கரையில் நான் போட்ட தோப்புக்கரணம் அத்தனையும், என் முதுகுக்குப் பின்னால் அடுப்படியில் நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சேரவேண்டியவை.