அக்காவின் தொண்டை

என் அக்கா வேலைக்குப் போன காலத்தில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "உஷ்" என்பதுதான். நகர நூலகத்தில் நூலகராக இருந்தாள். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாலே வாசிப்பறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவைப் பூப்போலச் சாத்துவாள். தும்மலைக்கூட விழுங்கிவிடுவாள். அத்தான் இறந்த அன்றும் வாய்விட்டு அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

இப்போது நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் தண்ணீர் வரி அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்ந்தவன். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. எனக்கு வாய்த்த ஒரே துணை செய்தி. கண் விழித்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் போனை எடுத்துவிடுவேன். எங்கே சண்டை, எங்கே வெள்ளம், எந்தக் காய்ச்சல் எந்த விமானத்தில் ஏறிக் கிளம்பியிருக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. எந்திரங்கள் வந்து எல்லோருடைய வேலையையும் பிடுங்கிக்கொள்ளப் போகின்றன என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது என்று அக்காதான் ஞாபகப்படுத்தினாள்.

அவளுடைய ஒரே மகள் தூரத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அம்மாவை நினைத்துக் கவலைப்பட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். அது மணி காட்டுவதோடு நிற்கிற சாதி இல்லை. நாடித் துடிப்பு ஏறினாலும், பக்கத்தில் சத்தம் அதிகமானாலும் உடனே மகளின் போனுக்குக் கோள் சொல்லிவிடும். ஆனால் அக்காவைப் பற்றிக் கோள் சொல்ல என்ன இருக்கிறது? பல மாதம் அது வேலைவெட்டி இல்லாமல் அவள் கையில் கிடந்தது.

டாக்டர் நடக்கச் சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானம் வரை அக்கா போனாள். கால் வலிக்கவே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வங்கி ஊழியர்கள்: புதுச் சட்டை, கைதட்டக் கூடவே ஒரு கூட்டம். எதிர்ப்பக்கம் ரொட்டித் தொழிற்சாலைப் பெண்கள். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்றுவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்குக் கைதட்ட ஒரு ஜீவன் இல்லை. அடி மேல் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்று, "ஓடுடீ! என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறே!" என்று கத்தியிருக்கிறாள். மைதானமே திரும்பிப் பார்த்ததாம்.

"டேய், நான் கத்திட்டேன்டா," என்றாள் வீட்டுக்கு வந்ததும், எதையோ திருடிவிட்டு வந்தவள் மாதிரி. பிறகு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

அன்று பிடித்தது பித்து. ஞாயிறு வந்தால் வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த அணி எந்த ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பது கிடக்கட்டும், ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அதையெல்லாம் அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரம் முழுக்க எனக்கு வகுப்புதான். கோல் காக்கிறவள் அடுப்பில் தட்டுத் தள்ளுகிறவள். நல்ல கை, கால்தான் வராது. முன்னால் ஓடுகிறவள் பொட்டலம் கட்டுகிற பெண்; பந்து பக்கத்தில் வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். நான் வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தால் அக்கா ஆஃப்சைடைப் பற்றி ஆரம்பிப்பாள்.

கைக்கடிகாரத்துக்கும் வேலை வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் அது கோள் சொல்ல, மகள் பதறியடித்துப் போன் செய்வாள். அக்காவும் ஏதோ சமாளித்து வந்தாள். அப்போது பார்த்து, எங்கோ ஒரு நாட்டில் பெரிய மைதானம் ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு ஜனங்கள் மிதிபட்டுச் செத்தார்கள். நாள் முழுக்க அதே செய்தி. ராத்திரி மகள் போன் செய்தாள்; அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நியூஸ் பார்த்தியா? இனிமே நீ அந்த கிரவுண்டு பக்கமே போகக் கூடாது."

"இங்க மொத்தமே முப்பது பேர்தான்டி வர்றாங்க. மிதிக்கக்கூட ஆள் பத்தாது."

"ஜோக் அடிக்காதே. இன்னொரு தடவை வாட்ச் கத்துச்சுன்னா லீவு போட்டு வந்து உன்னை இங்கயே கூட்டிட்டு வந்துடுவேன். மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"அவ சொல்றதும் சரிதானேக்கா," என்று நானும் ஒத்து ஊதினேன்.

மகளின் வீடு எனக்குத் தெரியும். உயரமான கட்டடத்தில் ஜன்னலைத் திறக்க முடியாத வீடு. காலையில் அவள் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அக்காவுக்கும் அது தெரியும்.

அந்த வாரம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தாள். செய்தி பார்க்க ஆள் கிடைத்ததே என்று நான் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் வரவில்லை. உயிரோடு இருக்கிறவள் இப்படி இருக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை டிவியை நானே அணைத்தேன். "அக்கா, இன்னிக்குக் கடைசி ஆட்டம் இல்ல? அப்புறம் அடுத்த வருஷம்தானே?"

"அவ வந்து கூட்டிட்டுப் போயிடுவாடா."

சொல்லிக்கொண்டே எழுந்து வாசல் வரை போனாள். பிறகு செருப்பை மாட்டினாள். "ஒளிஞ்சு மறைஞ்சு போக நான் என்ன தப்பா பண்றேன்? போனை எடுத்துக்கிட்டு வா. அவளையும் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்."

மைதானத்தில் நின்று வீடியோ கால் போட்டாள். திரையில் மகளின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா! எங்க இருக்கே நீ?"

"கிரவுண்டுல. திட்டறதை அப்புறம் திட்டு, இப்ப ஆட்டத்தைப் பாரு," என்று போனை என் கையில் திணித்துவிட்டு வேலியோரம் போய்விட்டாள்.

"மாமா, நீங்களுமா?" என்று மகள் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். நான் போனை ஆட்டத்தின் பக்கம் திருப்பித் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு ஏன் கண்ணை மூடிக்கிறா?" என்றாள். "பயம்," என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க, பந்து தெரியல," என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எதிர்த்து ஆடியது மருத்துவமனை அணி. வந்த வேகத்தில் மூன்று கோல் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம், ரொட்டிக்காரிகளுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரத்தில் வந்தது. பொட்டலம் கட்டுகிற பெண் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். போதாக்குறைக்கு முதுகையும் திருப்பிக்கொண்டாள். பந்து அந்த முதுகில் பொத்தென்று பட்டு, உருண்டு, வலைக்குள் போய் நின்றது. அவளுக்கு எதுவும் தெரியாது. நடுவர் விசில் ஊதிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

அக்கா கத்தினாள். அதில் சொல் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் அவள் விழுங்கிய எல்லாமே ஒரே மூச்சில் வெளியே வந்த மாதிரி இருந்தது. மூட்டுவலிக்காரன் நான் குதித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பதை விட்டுவிட்டு வேலியை நோக்கி அக்காவிடம் ஓடி வந்தார்கள். கோல் காக்கிறவளும் கம்பத்தை அம்போவென்று விட்டுவிட்டு வந்துவிட்டாள். நடுவர் ஊதிக்கொண்டே இருந்தார், யார் கேட்டார்கள்?

போனில் மகளைக் காணோம். வெறும் நாற்காலிதான் தெரிந்தது. "ஹே" என்று ஒரு கூச்சல் மட்டும் கேட்டது. அவள் வீட்டுக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் போலிருக்கிறது.

"என்னம்மா ஆச்சு? ஏதாவது கெட்ட செய்தியா?"

"இல்லைங்க, கோல்! எங்கம்மா டீம் கோல் போட்டுடுச்சு!"

நான் வேலியோரம் ஓடி அக்காவிடம் போனை நீட்டினேன். மகள் திரும்பி வந்திருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"லீவு போட்டு வரத்தாம்மா போறேன். கூட்டிட்டுப் போக இல்ல. அடுத்த சீசனுக்கு, உன் பக்கத்துல நின்னு பார்க்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மா, உனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பாதி காற்றுதான் வந்தது.

"எனக்கே இப்பத்தான்டி தெரியும்."