நாத்தனாரின் நெஞ்சில் கிடந்த பிள்ளை

முத்துக்கனிக்கு யாரைப் பார்த்தாலும் பொறாமைதான். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருடமாகப் பால் வெட்டுகிறாள். பக்கத்து வரிசைக்காரியின் வாளி இரண்டு விரல் கூடுதலாக நிறைந்துவிட்டால் போதும், "அவளுக்கு மட்டும் நல்ல மரமாட்டு பாத்து குடுத்திருக்காவ" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்வாள். கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

அதெல்லாம் வாளிப் பொறாமை. ஆளையே தின்கிற பொறாமை எப்படியிருக்கும் என்று அவள் தெரிந்துகொண்டது முப்பத்தோராவது வயதில், பிள்ளை பெற்ற பிறகு.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டான பிள்ளை. எட்டாம் மாதம் தொடங்கியதும் பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கணவன் முருகதாஸ் அவளை ஒரு ஜீப்பில் தூக்கிப் போட்டு நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை, ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராம். அவளுக்கோ ஐந்து நாள் நினைவே இல்லை.

ஆறாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்துக் குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பான் என்று நினைத்துக்கொண்டு போனாள். பெட்டி காலியாக இருந்தது. பிள்ளை, முருகதாஸின் தங்கை ரேஷ்மியின் நெஞ்சில் கிடந்தான். தொப்பி மட்டும் போட்டு, தோலோடு தோலாக ஒட்டவைத்து, துணியால் கட்டியிருந்தார்கள். நல்ல உறக்கம்.

"மைனி, பாத்தியா உனக்க மொவன! இப்பத்தான் டியூபுல பால் ஏத்துனாவ. குடிச்சிட்டு ஒறங்குதான்" என்றாள் ரேஷ்மி, குரலைத் தாழ்த்தி.

முத்துக்கனிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிந்தது தையல் போட்ட இடம் அல்ல.

அந்த வார்டில் இதைப் பற்றி ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எடை குறைந்த பிள்ளையைப் பெட்டியில் வைத்துத் தேற்றி அப்புறம் அம்மாவிடம் கொடுப்பது பழைய முறை, பிறந்த உடனேயே நெஞ்சில் போட்டால் இன்னும் அதிகப் பிள்ளைகள் பிழைக்கின்றன என்று பல நாடுகளில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள் என்பாள் புதிதாக வந்த டாக்டரம்மா. அம்மா படுத்துவிட்டால் வீட்டில் வேறொருத்தி அணைக்கலாம் என்பதும் அவள் கட்சிதான். மூத்த நர்ஸ் யேசுரத்தினம் இருபது வருடம் அந்த வார்டில் நின்றவள். "அம்மைன்னா செரி. கண்ட ஆளையும் உள்ள கேத்துனா கூடவே கிருமியும் கேறும் டாக்டர்" என்பாள். இரண்டு பேச்சையும் முத்துக்கனி காதில் வாங்கிக்கொண்டாள். சிஸ்டர் சொன்னதுதான் அவளுக்குத் தேனாக இனித்தது.

ரேஷ்மி பூதப்பாண்டியில் தையல்கடை வைத்திருப்பவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் ஏழாம் மாதத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்து, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பெட்டிக்குள்ளேயே இரண்டு நாள் இருந்து போய்விட்டது. கிருமி கேறும் என்று அப்போது அவளைத் தொடவே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. முத்துக்கனிக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அன்றைக்கு ரேஷ்மியைக் கட்டிப்பிடித்து அழுதவளே அவள்தான். தெரிந்து என்ன செய்ய? பொறாமை அதையெல்லாம் கேட்கிறதா?

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் மாறி மாறி அணைத்தார்கள். யார் எத்தனை மணி நேரம் என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ரேஷ்மி ஒன்பது, முத்துக்கனி இரண்டு. அந்த அட்டையைப் பார்த்தாலே அவளுக்குக் காதில் புகை வந்தது. அதைவிடக் கொடுமை, பிள்ளை அவள் நெஞ்சில் தரிக்கவே மாட்டான். முகத்தைத் திருப்புவான், நெளிவான், பூனைக்குட்டிபோல அழுவான். ரேஷ்மியிடம் கொடுத்த நிமிடம் கப்சிப்.

காரணத்தை முத்துக்கனியே கண்டுபிடித்துவிட்டாள். ரப்பர் நாற்றம்! பட்டையில் ஒட்டி உறைந்த பாலைப் பன்னிரண்டு வருடமாகக் கிள்ளி எடுத்த உடம்பு; பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புவதை அவள் பார்த்திருக்கிறாள். ரேஷ்மியிடம் புதுத்துணி வாசம். ஆகவே ஒவ்வொரு முறையும் வார்டுக்குள் போகும் முன் குளியலறையில் நின்று, தலை சுற்றச் சுற்ற, கழுத்தும் மார்பும் சிவக்க சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மேலே பவுடரை அள்ளிக் கொட்டினாள். அப்படியும் பிள்ளை முகத்தைத் திருப்பினான்.

ஒன்பதாம் நாள் காலை பொறுக்க முடியவில்லை. யேசுரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நான் சொன்னதாட்டு சொல்லாண்டாம். ரேஷ்மிக்கு நேத்து முழுக்க இருமலு."

யேசுரத்தினம் இதற்கென்றே காத்திருந்தவள்போல வாசலில் போய் நின்றாள். "எனக்கு இருமலே இல்ல சிஸ்டர். யாரு சொன்னா?" என்று ரேஷ்மி கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. மறுபடியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே இருந்து அதைப் பார்த்த முத்துக்கனிக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. பிள்ளை அழுது அழுது களைத்தான். அதட்ட வந்த யேசுரத்தினம் குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்ன பிள்ளே இது, பவுடர் கடையா வச்சிருக்க?"

"எனக்க மேலெல்லாம் ரப்பர் நாத்தம் சிஸ்டர். அதான் அவன் அண்டமாட்டேங்கான்."

"அட கூறுகெட்டவளே! பிள்ளைக்குக் கண்ணு இன்னும் செரியா தெரியாது. அம்மைக்க மணத்த வச்சுத்தான் ஆளப் பிடிக்கும். நீ அதக் கழுவிக் கழுவி ஊத்திட்டு வந்தா அவன் யாருன்னு நெனப்பான்? அந்த நாத்தத்தோடதான அவன ஏழு மாசம் சொமந்த? போ, வெறுந்தண்ணியில தொடச்சிட்டு வா."

துடைத்துவிட்டு வந்தாள். பிள்ளை மூக்கை மார்பில் தேய்த்துத் தேய்த்துத் தேடினான். பிறகு அடங்கினான். முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஆனால் அவளுக்கு உடம்பில் என்ன இருக்கிறது? ஒன்றரை மணி நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையை வாங்கித் தனியே ஒரு சின்னக் கட்டிலில் கிடத்திவிட்டு, அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் எழுந்து மறுபடி எடுக்கும்போது பிள்ளையின் பாதம் சில்லென்று இருந்தது. எடை போட்டார்கள். முந்தின நாளைவிட இருபத்தைந்து கிராம் குறைவு.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தாள். "ஒன்பது மணி நேரம் வெச்சவங்க எங்கே? ஆள் இல்லேன்னா திரும்பப் பெட்டிதான். இன்னும் குளிர்ந்தா மூச்சு நின்னுபோகும், புரியுதா?"

முத்துக்கனிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யேசுரத்தினத்தைப் பார்த்தாள். "அவளுக்கு இருமல் இல்ல சிஸ்டர். நாந்தான் பொய்யி சொன்னேன்" என்றாள். யேசுரத்தினம் போய்க் கதவைத் திறந்தாள்.

ரேஷ்மி கைகழுவி, உடை மாற்றி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"இருமல்னு சொன்னது நாந்தான்" என்றாள் முத்துக்கனி.

"தெரியும் மைனி."

"தெரிஞ்சுமா சும்ம நின்ன? நாலு ஏச்சு ஏசக்கூடாதா?"

ரேஷ்மி, முத்துக்கனியின் நெஞ்சிலிருந்த பிள்ளையைப் பார்த்தாளே தவிர அவளைப் பார்க்கவில்லை. "நீ பொய்யிதான சொன்ன. மூணாம் நாளு டாக்டரு அண்ணனக் கூப்பிட்டு, நீ எழும்புறது சந்தேகம்னு சொன்னாவ. அப்ப இவன் எனக்க நெஞ்சில கெடந்தான். நீ எழும்பாண்டாம்னு நெனச்சிட்டேன் மைனி. ஒரு நிமிசந்தான். அதுக்கப்பொறம் எனக்கு ஒறக்கமே இல்ல."

வேறு நேரமாக இருந்தால் முத்துக்கனி அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். இவளிடமா கொடுப்பது? செத்தாலும் கொடுக்க மாட்டேன் என்று ஒரு மூச்சு நினைத்தாள். பாதம் இன்னும் சில்லென்றே இருந்தது.

அவளே குனிந்து, பிள்ளையை ரேஷ்மியின் நெஞ்சில் கிடத்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்து, துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ரேஷ்மியின் கண்ணீர் அவள் புறங்கையில் விழுந்தது.

"ஏட்டி, அழாத. பிள்ள நனையும்" என்றாள். "நாலு மணிக்கூர். ஒரு நிமிசம் கூடுனாலும் பிடுங்கிருவேன், பாத்துக்க."

"செரி மைனி."

போய்ப் படு என்று யேசுரத்தினம் விரட்டினாள். முத்துக்கனி போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்து, துணிக்குள் கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றெரிச்சல் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அரை மணி நேரம் கழித்து, அவள் கைக்குள் பாதம் சூடாக இருந்தது.