சொம்பில் இருந்த சாமை

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். ரைஸ் மில்லில் மோட்டார் ஓட்டியே காலம் தள்ளியவன். ஒரு சத்தம் கேட்டால் பெல்ட் நழுவியதா, பேரிங் போனதா என்று பார்ப்பேனே தவிர, மந்திரித்த கயிறு தேடிப் போகிற ஜாதி இல்லை. இதைக் கேட்டு நீங்களும் உள்ளுக்குள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில், மலையேறுவதற்கு முன்னால் வருகிற ஊர் எங்களுடையது. எங்களுக்கு ஒரே பெண், வசந்தா. ஏழு வயது. ஒரு பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள், என்னால் சொல்ல முடியாது.

நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி அலமேலு உட்காரவில்லை. விடிந்தால் வாசல் தெளித்தாள், மாட்டைக் கறந்தாள், எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து மில்லுக்கு விரட்டினாள். கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் ஒருத்தி சொன்னதாகக் காதில் விழுந்தது. அவளுக்கு என்ன தெரியும்? அழுவதற்கு அலமேலு ஓர் இடம் வைத்திருந்தாள். ஆட்டுக்கல். மாவரைக்க உட்கார்ந்து குழவியைச் சுற்ற ஆரம்பித்தால் கண்ணீர் அது பாட்டுக்கு ஓடும், விம்மல் கல் சத்தத்தோடு கலந்துவிடும். மாவை வழித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள், "இட்லியே வாணாம், தினம் சோறே போதும், மாவரைக்கிறத வுட்டுடு" என்றேன்.

"அப்ப அழுவறதுக்கு நான் எங்க போவறதுங்க?" என்றாள்.

துக்கத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கி, மாட்டுக்கும் எனக்கும் ஒரு குறையும் வைக்காமல் நடத்திய அப்படியொரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை.

வேலை நாட்களை இப்படிச் சமாளித்துவிட்டாள். பண்டிகைகள்தான் பாடாய்ப் படுத்தின. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. ஆடிப்பெருக்கு போயிற்று, பிள்ளையார் சதுர்த்தி போயிற்று, அன்றைக்கெல்லாம் இருக்கிற பாத்திரம் அத்தனையும் எடுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்தது புரட்டாசி சனிக்கிழமை.

எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பிள்ளைகள் நெற்றியில் நாமம் போட்டு, சொம்புக்கும் நாமம் போட்டு, வீடு வீடாகப் போய் "கோவிந்தா, கோவிந்தா" என்று அரிசி வாங்குவார்கள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். அந்த அரிசியை அன்றைக்கே அந்தப் பிள்ளையின் வீட்டில் பொங்கிப் பெருமாளுக்குப் படைக்க வேண்டும், ஒரு மணி மிச்சம் வைக்கக் கூடாது. வசந்தாவுக்கு அதில் அப்படியொரு பைத்தியம். எங்கள் தெரு போதாது அவளுக்கு. "மலை மேல வூடு இருக்குதாப்பா? அங்க போயி கேட்டா போடுவாங்களா?" என்று என்னை நச்சரிப்பாள். மலைக்காரர்களுக்கு இந்த வழக்கமே கிடையாது என்றால் கேட்க மாட்டாள்.

அந்த நாளில் அலமேலு தெருவில் இருக்க வேண்டாமென்று, திருக்கோவிலூரிலிருந்து அவள் அண்ணன் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆனால் அது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது, மில்லும் மூடியாயிற்று. அண்ணன் வரவில்லை. மலையிலிருந்து ஓர் ஆள் இறங்கவில்லை, இங்கிருந்து ஓர் ஆள் ஏறவில்லை. போலீஸ் ஜீப் சுற்றுகிறது என்று பிள்ளைகளை எல்லாரும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, என்ன தோன்றியதோ, அலமேலு முறத்தில் கொஞ்சம் அரிசி எடுத்து வாசல்நடை உள்பக்கம் வைத்தாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலை பார்த்துவிட்டு, "தப்பா நெனைக்காத அலமேலு, இந்த வருசம் உங்க வூட்டாண்ட புள்ளைங்க வராது" என்றாள்.

"நான் பண்டிகை பண்ணலக்கா. ஒரு புள்ள வந்து வாசல்ல நின்னா அரிசி போடறதுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டு அலமேலு பின்கட்டுக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள். ஒரு பிள்ளையும் வராது, சாயங்காலம் அந்த முறத்தைத் திரும்ப எடுக்கும்போது இவள் உடைந்துவிடுவாள், அதுவரை தாங்கியதெல்லாம் அன்றோடு போய்விடும் என்று பயந்தேன். அவளைக் கண்ணிலிருந்து விடாமல் நானும் பின்கட்டில் மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

உச்சி வேளை. வாசலில் "கோ...விந்தா" என்று ஒரு குழந்தைக் குரல்.

யார் குரல் என்று நான் சொல்ல மாட்டேன். அலமேலுவும் சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. படியில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. வசந்தா கீழே போட்டு நசுங்கிய இடம் அப்படியே இருந்தது. கழுத்துவரை அரிசி. அலமேலு முறத்து அரிசியை அதில் கொட்டினாள், சரியாக விளிம்பு தட்டியது.

"நம்ம வூட்டுக்குன்னு எடம் வெச்சிருக்குது" என்றாள்.

தெருவில் இறங்கி, எந்தப் பிள்ளை வந்தது என்று கத்தினேன். "எந்தப் புள்ளயும் வெளிய வரலண்ணே, இன்னாத்துக்குக் கத்தற?" என்று அஞ்சலை ஓடி வந்தாள். பரணில் ஏறிப் பார்த்தேன். அலமேலுவுக்கு எட்டாத இடத்தில், புளிப்பானைக்குப் பின்னால், வசந்தா போன பிறகு நானே என் கையால் வைத்த சொம்பு அங்கே இல்லை. தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. கீழே வந்து அரிசியை முறத்தில் பரப்பினேன். பச்சரிசி, புழுங்கல், நடுவே பொடிப்பொடியாய்ச் சாமை. எங்கள் ஊரில் யாரும் சாமை விதைப்பதில்லை, அது மலையில் விளைவது. போன வருஷத்து மிச்சம் என்பீர்கள். மிச்சம் வைக்கிற வழக்கமில்லை என்று சொன்னேனே, வைத்திருந்தாலும் வண்டு விழுந்திருக்கும். இது நேற்றுக் குத்தியது போல இருந்தது.

அலமேலு ஒன்றும் ஆராயவில்லை. அரிசியைக் களைந்து உலை வைத்தாள்.

"துக்க வூட்ல படையல் போடக் கூடாதும்மா" என்று அஞ்சலை பதறினாள்.

"இது என் பண்டிக இல்லக்கா, கொழந்த வாங்கியாந்த அரிசி. அம்மா ஆக்கிப் போடுவாங்கன்னு நம்பித்தான வாங்கியாருது?"

அஞ்சலை தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் வாழை இலையும் வெல்லமும் இருந்தன. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், நானும் அஞ்சலையும் அழுதோம். அலமேலு எங்களுக்குப் பரிமாறினாள், பிறகு பாத்திரம் கழுவினாள், சொம்பைத் துடைத்துக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

சில வருஷம் கழித்து மில் வேலையாக மலைக்குப் போனேன். ஒரு வீட்டு முன்னால் பாறையில் சாமை காய்ந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஊர் பேரைச் சொன்னதும் அந்த வீட்டு அம்மா கேட்டார்கள்: "மரமெல்லாம் வெட்டிப் போட்டு பஸ்ஸு நின்ன வருசம், உங்க ஊருன்னு சொல்லிக்கினு பாப்பா ஒண்ணு நாமம் போட்டுக்கினு சொம்போட வந்துச்சுங்க. இன்னா கேக்குதுன்னே புரியல, ஒரு கை சாமை போட்டேன். ஒக்காருன்னா ஒக்காரல. 'எங்கம்மா அரிசி எடுத்து வெச்சிட்டுக் காத்துக்கினு இருக்கும், நேரமாச்சு'ன்னு சொல்லிட்டு ஓடிடுச்சு. இப்ப நல்லா வளந்திருக்குமே?"

வளர்ந்திருக்கும் என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து சொன்னபோது அலமேலு மாவரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தினாள். "அவ்ளோ தூரம் ஏறிப் போயிருக்குது. தண்ணி குடுத்தாங்களாமா?" என்று கேட்டாள். அதை நான் கேட்காமல் வந்துவிட்டேன்.

அதிலிருந்து புரட்டாசி சனிக்கிழமைகளில் வாசல்நடையில் அரிசி முறத்துக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைக்கிறாள். விளிம்பு தட்ட ஊற்றித்தான் வைப்பாள். சாயங்காலம் எடுக்கப் போனால் கொஞ்சம் குறைந்திருக்கும். வெயிலில் வற்றியிருக்கும் என்று நான் அவளிடம் சொல்வேன், அவளும் ஆமாம் என்பாள். எங்கள் வாசல்நடை வடக்குப் பார்த்தது, அந்த மாதத்தில் அங்கே வெயில் விழாது.