ஆடிட்டர் வீட்டு கேட்டைப் பார்க்க ஒரு வேன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபிளாட்காரர்கள் எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு, சேலையூரிலிருந்து சாலிகிராமம் வரை போய், ஒரு ஆடிட்டர் வீட்டு கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.

சிரிக்காதீர்கள். நல்ல கேட்தான். பச்சைப் பெயின்ட், மேலே ஈட்டி மாதிரி கம்பிகள். அதன் முன்னால் நின்று எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்ட போட்டோக்களைச் சேர்த்தால் ஒரு கல்யாண ஆல்பமே போடலாம்.

எங்கள் ஃபிளாட்டில் வருஷத்துக்கு ஒரு டூர் உண்டு. போன வருஷம் வண்டலூர் ஜூ. சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதற்கே எல்லோருக்கும் கோபம். ஏதோ அது நம்மிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத மாதிரி.

“இந்த வருஷம் வேற லெவல்ல பண்றோம்” என்றார் சுதாகர். இரண்டாவது மாடி. ஐ.டி. கம்பெனி, அசோசியேஷன் செகரட்டரி. ஆபீஸ் வேலையாகக் கொஞ்ச நாள் அமெரிக்கா போய் வந்தவர். அதிலிருந்து எதைப் பேசினாலும் அங்கே ஒரு தடவை இறங்கி ஏறித்தான் வருவார்.

“அங்க ஹாலிவுட்ல பஸ்ல ஏத்தி ஒவ்வொரு ஸ்டார் வீடா காட்டுறாங்க. நம்ம ஊரும் சினிமா ஊருதானே? தாம்பரத்துல இருந்துகிட்டு கோடம்பாக்கம் பார்க்காம இருக்கோம். வெட்கமா இல்ல?”

எனக்கு வெட்கமாக இல்லை. ஆனால் நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். எங்கள் ஃபிளாட் பியூலா டீச்சர் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், கையைத் தூக்கிக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டுமோ என்று இந்த வயதிலும் ஒரு பயம். அதனால் கார் பார்க்கிங்கில் மீட்டிங் நடந்தபோது தூணோரமாக ஒரு சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாததை எல்லாம் இங்கே எழுதிக்கொள்வதுதான் என் வழக்கம்... உங்களுக்குத்தான் தெரியுமே.

தேதியை டீச்சர் முடிவு செய்தார். முதல் ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து, தவறவிட முடியாது. கடைசி ஞாயிறு என்றால் மாசக் கடைசி, எல்லார் கையும் வறண்டு கிடக்கும். “ரெண்டாம் ஞாயிறு. நான் விடியக்காலை ஆராதனைய முடிச்சிட்டு வந்துடுவேன்.” எங்கள் ஃபிளாட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து எல்லாமே இப்படி ரெண்டாம் ஞாயிறில்தான் போய் நிற்கும்.

பிறகு பிளான் போட்டார்கள். அதைப் பிளான் என்று சொல்வதா, ஏலம் என்று சொல்வதா? ஒருவருக்குக் கதாநாயகன் வீடு. இன்னொருவருக்கு வில்லன் வீடு. டீச்சருக்குப் பாடகி வீடு — “டீசன்ட்டான ஃபேமிலி” என்பதால். யாருக்காவது அந்த வீட்டில் ஆள் இருப்பார்களா, இருந்தாலும் வெளியே வருவார்களா, வந்தாலும் நாம் என்ன பேசுவோம் என்று ஒரு யோசனை உண்டா? கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் நம் ஃபிளாட் வாசலில் வேனை நிறுத்தி எட்டிப் பார்த்தால் போலீஸுக்குப் போன் போடுகிறவர் இதே சுதாகர்.

அப்போதுதான் ஜமீலா பேசினாள்.

ஜமீலா என் பக்கத்து வீடு. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் கரீம் பாய் காலமாகி நாலைந்து வருஷம் ஆகிறது. வடபழனிப் பக்கம் ஒரு பழைய ஸ்டூடியோவில் அவருக்கு வேலை. என்ன வேலை தெரியுமா? மழை விடுவது. படத்தில் கதாநாயகி நனைகிறாளே, அந்த மழை. வாலிபத்திலிருந்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் அதுதான்.

சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது அவர் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வருவாராம். அந்த இடத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. “ஷூட்டிங் நேரத்துல வேணாம், கண்டவன் இருப்பான். ஆளில்லாத நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போறேன்” என்பாராம் பாய். சொல்லிக்கொண்டே இருந்து, போயும் சேர்ந்துவிட்டார். இப்போது அந்த ஸ்டூடியோவை விற்றுவிட்டார்கள், சீக்கிரம் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று அவள் மகன் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும்தான் இது தெரியும்.

“வழியில ஒரு ஸ்டூடியோ இருக்கு தம்பி. கொஞ்ச நேரம் நிறுத்துவீங்களா?” என்றாள்.

“அங்க ஷூட்டிங் நடக்குமா ஆன்ட்டி?”

“நடக்கும்பா.”

அவ்வளவுதான். சுதாகர் முகத்தில் டியூப்லைட் எரிந்தது. “லைவ் ஷூட்டிங். அதை ஃபைனலா வச்சுக்கலாம்.” வாட்ஸப் குரூப்பில் அதற்கு விழுந்த கைதட்டலில் என் போன் சார்ஜ் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கிளம்பியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் தாண்டுவதற்குள் புளியோதரை பாதி காலி. வெயில் ஏறுகிற நேரத்துக்குச் சாலிகிராமம். முதல் கேட் — அந்தப் பச்சை கேட்.

எல்லோரும் இறங்கி நின்றோம். நின்றோம்... நின்றுகொண்டே இருந்தோம். கேட் திறந்தது. அத்தனை போனும் மேலே எழும்பியது. ஒரு ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பரவாயில்லை என்று நாயைப் போட்டோ எடுத்தார்கள். நாய்க்குக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது, திரும்பி நின்றுகொண்டது. அந்த வீட்டில் எனக்குப் பிடித்துப்போனது அது ஒன்றுதான்.

எதிர் வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “யாரைப் பார்க்கணும்?”

சுதாகர் நடிகர் பேரைச் சொன்னார்.

“அவரு காலி பண்ணிட்டுப் போயி எத்தனையோ வருஷமாச்சே. இப்ப ஒரு ஆடிட்டர் இருக்காரு. டாக்ஸ் விஷயமா வந்தீங்களா?”

தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் வேனில் ஏறினோம். ஆனால் போட்டோவை யாராவது அழித்தார்களா? கேட்டுப் பாருங்கள். பியூலா டீச்சரின் வாட்ஸப்பில் இன்றைக்கும் முகப்புப் படம் அதுதான் — ஆடிட்டர் வீட்டு கேட்டும் டீச்சரும்.

அடுத்த வீடுகளும் இதே கதைதான். எல்லா இடத்திலும் மதில், கேமரா, போகச் சொல்லும் வாட்ச்மேன். சிங்கமாவது முதுகைக் காட்டியது.

“ஃபைனல் இருக்கு, ஃபைனல் இருக்கு” என்று சுதாகர் எல்லோரையும் தேற்றிக்கொண்டே வந்தார். ஸ்டூடியோ வந்தது. பெரிய கேட். பூட்டு. உள்ளே ஒரு சத்தம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வயசான வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

“இன்னா சார், எங்க வந்தீங்க? இன்னிக்கி ரெண்டாவது ஞாயிறு. சினிமாக்காரனுக்கு மாசத்துல ஒரு லீவு, அது இன்னிக்கிதான். ஒரு ஈ காக்கா கெடையாது.”

சுதாகர் திரும்பினார். “ஆன்ட்டி, ஷூட்டிங் நடக்கும்னு சொன்னீங்களே?”

“நடக்கும்பா” என்றாள் ஜமீலா. “நாளைக்கு நடக்கும்.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு கேட் பக்கம் போனாள். “நான் கரீம் பாய் வீட்டுக்காரி. இங்க மழை விடுவாரே...”

வாட்ச்மேன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். “மழ பாய் சம்சாரமா நீங்க?” என்றார். அவ்வளவுதான், பக்கத்துச் சின்ன கேட்டைத் திறந்துவிட்டார். “ஒரு ஆளத் தொணைக்குக் கூட்டிக்கினு வாங்க.”

ஜமீலா என் கையைப் பிடித்தாள். பின்னாலேயே நுழையப் பார்த்த சுதாகர், “நான் அசோசியேஷன் செகரட்டரி” என்றார்.

“இருக்கட்டும் சார். வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லு.”

காலையிலிருந்து நாங்கள் பார்த்த கேட்டுகளில் எங்களுக்கென்று திறந்தது அது ஒன்றுதான். அதுவும் யாருக்காக? படத்தில் பேர்கூடப் போடாத ஒரு ஆளின் பெண்டாட்டிக்காக. இதை நான் எந்த மீட்டிங்கிலும் சொல்லப்போவதில்லை. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நடக்கும்போது கேட்டேன்: “இன்னிக்கு லீவுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாம இருக்குமாக்கா? மாசத்துல அன்னிக்கு ஒரு நாள்தானே அவரு வீட்ல இருப்பாரு. அன்னிக்குத்தான் கறி எடுப்போம். சாப்பிட்டு சாயங்காலம் வரைக்கும் தூங்குவாரு. கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன நாள் தூங்கியே போயிடுச்சு.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா தேதிய மாத்திடுவாங்க. இல்லன்னா இந்தப் பக்கமே வண்டிய விடமாட்டாங்க.”

அத்தனை படித்தவர்கள் கூடிப் போட்ட பிளானில், தான் நினைத்த இடத்துக்கு வந்து சேர்ந்தது இவள் ஒருத்திதான்.

அது ஒரு பெரிய முற்றம். மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள், குழாய் முழுக்கப் பொத்தல். சுவரோரம் ஒரு தொட்டி, அதன் கீழே சக்கரம் மாதிரி வால்வு. அதற்கு மேலே தகரக் கூரை. எல்லாம் துருப்பிடித்துக் காய்ந்து கிடந்தது.

“பாய் இங்கதான் நிப்பாரு” என்று வால்வைக் காட்டினார் வாட்ச்மேன்.

ஜமீலா அங்கே போய் நின்றாள். மேலே பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். “இங்க நின்னா தலையில ஒரு சொட்டு விழாதே?”

“எப்டிம்மா வுயும்? மேல தகரம் கீதே.”

“அப்ப தினமும் தொப்பலா நனைஞ்சு வந்தாரே?”

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். “அதக் கேக்கறீங்களா? ஷூட்டிங் முடிஞ்சி பேக்கப் சொன்னதும் பெரிய ஆளுங்கள்லாம் போய்டுவாங்க. தொட்டில மீதி தண்ணி இருக்கும். லைட்டுக்காரங்க, மேக்கப்பு, நானு, அல்லாரும் பைப்புக்குக் கீய போய் நிப்போம். பாய் வால்வத் தொறந்து வுட்டுட்டு ஓடியாந்து நடுவுல நின்னுக்குவாரு. ஒரே ஆட்டம். டான்ஸ் மாஸ்டருங்கோ பிச்ச வாங்கணும்.”

ஜமீலா அந்த வால்வைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“ஆட்டமா?” என்றாள்.

“ஆட்டந்தான்.”

“வீட்டுக்கு வந்து காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குன்னு சுருண்டு படுத்துப்பாரே அக்கா. பாவம், வயித்துப் பொழப்புக்காக நனையறாருன்னு நான் மிளகு கஷாயம் வச்சுக் குடுப்பேன். கால் அமுக்கி விடுவேன். எத்தனை வருஷம்...” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நடிகனப் பாக்கன்னு இவ்ளோ தூரம் வேன் புடிச்சு வந்திருக்கோம். வீட்லயே ஒருத்தர வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

அப்புறம் வாட்ச்மேனைக் கேட்டாள், எந்த இடத்தில் நின்று ஆடுவார் என்று. அவர் காட்டிய இடத்தில், பொத்தல் குழாய்களுக்கு நேர் கீழே போய் நின்றாள். தலையில் போட்டிருந்த முக்காட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள், நனைந்துவிடும் என்கிற மாதிரி. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்ப வேனில் ஏறியபோது டீச்சர் கேட்டார்: “உள்ள யாராச்சும் இருந்தாங்களா?”

“இல்ல டீச்சர். ஒரு டான்ஸ் சீன் மட்டும் பாத்தோம்” என்றாள் ஜமீலா. தாம்பரம் வருகிறவரைக்கும் சுதாகர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வேன் ஏ.சி.யில் எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஜமீலா டம்ளரோடு வந்து நின்றாள். மிளகு கஷாயம்.

“வச்சுட்டுப் போ, அப்புறம் குடிக்கிறேன்.”

“என் முன்னாடியே குடிங்க. இனிமே நான் யாரையும் நம்பறதா இல்ல.”

குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் தீ. மழை பாய் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் அன்றன்றைக்கே தண்டனை அனுபவித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.