பலகைக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு காலையில் சுங்கைப் பட்டாணி ஒட்டுக்கடையில் தேநீர் குடித்தபடி நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து குறுக்கெழுத்து போடுவோம். இன்று மணியம் அண்ணன் ஒரு குறிப்பை வாசித்துவிட்டு, "கஷ்டமா இருக்குலா" என்று நிறுத்தினார். எல்லாரும் பேப்பரைப் பார்த்தபடி காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்குப் பழக்கமானது.

சின்ன வயதில், தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் சரசு பெரியம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை கறி கொதிக்கும்போது அம்மா பேப்பரைப் பிரித்து, குறிப்பை உரக்க வாசிப்பார். அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கும் சத்தம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பலகை வழியாக விடை வரும். தப்பாக இருந்தால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

பாதித் தோட்டத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு, வேலை குறைந்ததும் பெரியம்மாவை அவர் மகன் மெர்கோங்கில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அம்மா வாசிப்பதை மட்டும் விடவில்லை.

"உடம்பெல்லாம் வெட்டு, வடிவதோ பால். நாலெழுத்து."

வாசித்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவருக்கு அது தெரியாதா? எனக்குத்தான் தாங்கவில்லை. பின்பக்கமாக ஓடி, அந்தக் காலி வீட்டுக்குள் நின்று, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு "மாடு" என்றேன்.

 பலகை வழியாக அம்மாவின் குரல் வந்தது.

"சரிங்கக்கா. எழுதிக்கிறேன்."

திரும்பி வந்து பார்த்தேன். 'மாடு' என்று எழுதி, மீதி இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார்.

"தங்கச்சி, உனக்குத் தெரியுதா?" என்று ஒட்டுக்கடையில் பேப்பரை என் பக்கம் திருப்பினார் மணியம் அண்ணன்.

விடை தெரிந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்ணே" என்றேன்.