சன்னலுக்கு வெளியே நின்றவர்

பள்ளி வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய வாட்ச்மேன் நேரே வந்து, "டிரைவரண்ணே, நம்ம எஸ்தர் மிஸ் மதுரையில தவறிட்டாங்களாம்" என்றார். கையிலிருந்த நட்டை எங்கே போட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவரிடம் ஆங்கிலம் படித்த நீங்கள் இந்த நினைவு மலரில் நிறைய எழுதுவீர்கள். நான் ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு விடைபெற்றவன். எனக்கு எழுதத் தெரிந்தது இது ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் போட்ட படத்துக்கு என் மகள் செல்வியைக் கூட்டிப் போனேன். ஆறு வயது. திரையில் ஒரு குழந்தை தூங்குகிறது. சன்னலுக்கு வெளியிலிருந்து படம் மெல்ல நெருங்குகிறது. "யாருப்பா பாக்குறது?" என்றாள். "கேமராடி" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி. கடைசிவரை யாரென்று காட்டவேயில்லை.

மறுநாளிலிருந்து சன்னல் உள்ள அறையில் உட்கார மாட்டாள். பள்ளிக்கூடம் நின்றது. சோறு இறங்கவில்லை. சன்னலில் சாக்கைக் கட்டினோம். அடுக்கம் கிராமத்துப் பூசாரி வந்து மந்திரித்தார். பயம் தெளியட்டும் என்று நானே வெளியே நின்று, சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தேன். என் மீசையைப் பார்த்துக் காய்ச்சலே வந்துவிட்டது அவளுக்கு.

விஷயம் கேட்டு எஸ்தர் மிஸ் வந்தார். "அவ கேக்குறது சரிதாண்ணே. ஒரு எடத்தக் காட்டுனா, பாக்குறது யாருன்னு மனசுல கிழிசல் விழும். படத்தோட அடுத்த துண்டுல, பாக்குறவங்க முகத்தக் காட்டித் தச்சிருவாங்க. நம்மளையும் சேத்துத்தான். மனச ஆராயிறவங்க இதத் தையல்னே சொல்றாங்க. அந்தப் படத்துல தைக்காம விட்டுட்டாங்க."

"அப்ப நீங்க தச்சு விடுங்க மிஸ். வெரசா. புள்ள கரையுது."

தன் சின்ன சினிமாக் கேமராவை எடுத்து வந்தார். வெளியிலிருந்து எங்கள் சன்னலையும் உள்ளே செல்வியின் கட்டிலையும் பிடித்தார். பிறகு என்னை வெளியே சன்னலருகே நிறுத்தினார். "சிரிக்காதீங்க, கல்யாண போட்டோ இல்ல. உள்ள உங்க மக தூங்குறான்னு நெனச்சுப் பாருங்க."

படம் கழுவ பம்பாய்க்குப் போனது. வருவதற்குள் செல்விக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டுமே இறங்கியது.

பள்ளி ஹாலில் கம்பளி கட்டி இருட்டாக்கினோம். மடியில் இருந்தவள் என் மணிக்கட்டை நகத்தால் பற்றினாள். திரையில் சன்னல். கட்டில். அவள் மூச்சு நின்றது. "வேணாம் மிஸ்" என்று எழப்போனேன். அடுத்த துண்டில் என் மூஞ்சி.

"அய்ய, எங்கப்பா!"

வீட்டுக்கு வந்ததும் சாக்கை அவளே அவிழ்த்தாள்.

மதுரைக்குப் போகும்போது மிஸ் எங்களிடம் விட்டுப்போன புரொஜெக்டரில் நேற்று அதை ஓட்டினோம். செல்வி இப்போது என்னைவிட உயரம். படம் முடிகிற இடத்தில் நான் உள்ளே பார்ப்பதை விட்டு இந்தப் பக்கம் திரும்புகிறேன்; சத்தமில்லாமல், "போதுமா மிஸ்?" என்று வாயசைக்கிறேன். உடனே திரை வெளுத்துவிடுகிறது.

"அப்பா, அவங்க இதுல எங்கயுமே இல்லப்பா" என்றாள் செல்வி.

இல்லை. என் முகத்துக்கு அடுத்து ஒட்டியிருக்க வேண்டிய அந்த ஒரு துண்டை, மிஸ்ஸின் முகத்தை, யாரும் எடுக்கவில்லை. படச்சுருளின் ஒட்டப்படாத அந்த முனையை அப்படியே வைத்திருக்கிறேன்.